தாம்பூலம் இந்தப் பக்கம்

மைனி,

இன்று காலை காபி ஆறுவதற்குள் வார்டு குரூப்பில் மாநகராட்சி அறிவிப்பு வந்து விழுந்தது. பூங்காவின் வடபக்கத்துக் கம்பிவேலி முடிந்துவிட்டது. மதிலோரத்துச் சாயங்காலச் சாப்பாட்டு மேசைகளுக்கு அனுமதி நீட்டிக்கப்பட்டிருக்கிறது. குப்பை வண்டி இனி ஏழு மணிக்கு இல்லை, ஆறரைக்கே வரும். இந்த மூன்று சேதியையும் ஒரே வாக்கியமாகப் பன்னிரண்டு வரிக்கு இழுத்து, கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைத்திருந்தார்கள். படித்து முடித்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. உடனே கை உங்கள் நம்பரைத் தேடிப் போனது. பாதியில் நினைவு வந்து போனை வைத்தேன்.

இப்படி ஒன்று வந்தால் அடுத்த நிமிஷம் உங்கள் போன் வருமே. "ஏட்டி, இதக் கொஞ்சம் தமிழ்ல சொல்லு" என்பீர்கள். அது தமிழில்தான் இருக்கும். ஆனால் "நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது" என்ற இடத்தில் நீங்கள் முட்டிக்கொண்டு நிற்பீர்கள். "அப்பம் நடக்குதா, நடக்கலியா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு." கோர்ட்டில் நகல் பிரிவில் ஆயுசில் பாதியைக் கழித்தவள் நான். அந்தத் தமிழ் எனக்குத் தாய்ப்பால் மாதிரி. நடக்கவில்லை என்பதை எப்படி எழுதினால் நடப்பது போலத் தெரியும் என்று எனக்கு அத்துப்படி. அதனாலேயே உங்கள் வார்டு சம்பந்தப்பட்ட எழுத்து வேலை எல்லாம் என் தலையில் விழுந்தது. அண்ணன் மனைவி கவுன்சிலர் ஆனால் நாத்தனாருக்குச் சம்பளமில்லாத உத்தியோகம் என்பது எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறதோ, தெரியவில்லை.

வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது, பேருக்கு நீங்களும் வேலைக்கு அண்ணனும் என்றுதான் தெருவே நினைத்தது. அண்ணனே அப்படித்தான் நினைத்தான், பாவம். ஜெயித்த மறுநாள் யாரோ போன் போட்டு, "கவுன்சிலர் அண்ணாச்சி இருக்காகளா?" என்று கேட்டார்கள். நீங்கள் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "அண்ணாச்சி அடுக்களையில தேங்கா துருவுதாக. கவுன்சிலர் நாந்தான். சொல்லுங்க." அண்ணன் துருவலைக் கையில் வைத்துக்கொண்டு முழித்த முழி எனக்கு இன்னும் சிரிப்புக் காட்டுகிறது. அன்றைக்குத் துருவ ஆரம்பித்தவன்தான், இன்றைக்கு வரைக்கும் அவன்தான் துருவுகிறான்.

பூங்கா இருக்கிற இடம் முன்னால் எப்படிக் கிடந்தது என்று புதிதாகக் குடிவந்தவர்களிடம் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள். முள் அடர்ந்த உடைமரமும், இடித்த வீட்டுக் காரையும், வெள்ளத்தில் மிதந்து வந்து ஒதுங்கிய ஒரு இரட்டை மெத்தையும். அந்த மெத்தையை அப்புறப்படுத்த மூன்று மனு எழுதினேன். பூங்கா என்று முடிவானபோது நீங்கள் புல்தரை வேண்டாம், மருத மரம் வேண்டும் என்று அடம்பிடித்தீர்கள். பெஞ்சுக்கு முதுகுச் சாய்ப்பு இல்லை என்று வரைபடத்தைத் திருப்பி அனுப்பினீர்கள். "முதுகு சாய எடமில்லாத பெஞ்சுல பொம்பள எவ்வளவு நேரம் உக்காருவா? அவளுக்கு உக்கார நேரம் கிடைக்கதே கொஞ்சம்." இதை நான் "மகளிர் நலன் கருதி" என்று எழுதி அனுப்பினேன். சாய்ப்பு வந்தது.

பூங்காவை விட அதன் மதிலோரம்தான் உங்களுக்குத் தலைவலி. சாயங்காலமானால் எட்டு வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். ஐந்தாவது பேச்சியக்காவின் இடியாப்ப வண்டி. கூடவே தேங்காய்ப்பாலில் வைத்த சொதி, இஞ்சிப் பச்சடி. புருஷன் போன பிறகு அந்த வண்டியை வைத்துத்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தாள். வாழை இலையில் சாப்பாடு, உட்கார்ந்து சாப்பிடப் பிளாஸ்டிக் மேசை, ஸ்டூல். சாப்பிடுகிறவர்கள் இலையை மடித்து அப்படியே போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார்கள். பேச்சியக்காவுக்கு ஒரு கை இடியாப்பம் பிழிய, ஒரு கை பரிமாற. இலை எடுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவாள்? மேசைக்குக் கீழே தள்ளிவிடுவாள். அதை மாடு இழுக்கும், காற்று இழுக்கும், கடைசியில் எல்லாம் வாறுகாலில் போய் அடைத்துக்கொண்டு சாக்கடைத் தண்ணீர் ரோட்டுக்கு வரும். காலையில் நடக்க வருகிறவர்கள் மனு எழுதினார்கள். சுகாதாரப் பிரிவும் எழுதியது. மேசைகளை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது.

மேசை போனால் வண்டியும் போன மாதிரிதான். நின்றுகொண்டு இடியாப்பமும் சொதியும் சாப்பிட எவனுக்கு முடியும், முழங்கை வழியாக வழியும். கூட்டத்தில் நீங்கள் எழுந்து, "ஒரு மாசம் குடுங்க. இலைக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். மாச முடிவில் அதிகாரி வந்து பார்ப்பார், வாறுகாலில் இலை கிடந்தால் மேசைகள் அகற்றப்படும் என்று தீர்மானம். வெளியே வந்ததும் என்னிடம், "ஏட்டி, வாயக் குடுத்துட்டேன். இப்பம் என்ன செய்ய?" என்று கேட்டீர்கள்.

முதல் தப்பு என்னுடையது. போர்டு எழுதித் தருகிறேன் என்று மார்தட்டினேன். "உணவருந்தியோர் தத்தம் எச்சில் இலைகளைத் தாமே அகற்றுதல் வேண்டும். தவறுவோர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படும்." எனக்கு ரொம்பத் திருப்தியான வாசகம். சாப்பிட வந்த ஒருவர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "இது சாப்பாட்டுக் கடையா, கோர்ட்டா வே?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுவிட்டு எழுந்து போனார். மறுநாள் கூட்டம் பாதி. அதற்கு மறுநாள் போர்டைக் காணோம். பார்த்தால் பேச்சியக்கா அதைக் குப்புறப் போட்டு, மேலே இடியாப்பத் தட்டு அடுக்கியிருக்கிறாள். நீங்கள் இருமல் வரும் வரைக்கும் சிரித்தீர்கள். எனக்கு ஒரு நாள் பூராவும் கோபம்.

பேச்சியக்கா நம்மிடம் நேராகவே சொல்லிவிட்டாள். "கவுன்சிலரக்கா, மேச போனாப் போகட்டும். எங்கையால தின்ன மனுசன எச்சில தூக்கிட்டுப் போன்னு சொல்ல என்னால ஆவாது. அது சோறு போடுதது இல்ல, விரட்டுதது. போட்ட புண்ணியம் ஒட்டாது." அவளைக் குறை சொல்ல முடியாது. நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? விருந்தாளி இலையில் கை வைத்தால், "ஐயோ வைங்க, வைங்க" என்று ஓடிப்போய்ப் பிடுங்குகிற ஊர்தானே இது.

ஒரு வாரம்தான் பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து உங்கள் மகள் கோமதி, கல்யாணமான புதிதில் புருஷனோடும் மாமியாரோடும் விருந்துக்கு வந்திருந்தாள். சம்பந்தியம்மாள் களக்காட்டிலிருந்து ஒரு முழு வாழைத்தாரோடு வந்து இறங்கினார்கள். வீட்டில் தலைவாழை இலை விரியும் என்று எல்லாரும் காத்திருக்க, நீங்கள் சாயங்காலம் எல்லாரையும் கிளப்பிக்கொண்டு போய்ப் பேச்சியக்கா மேசையில் உட்கார வைத்தீர்கள்.

"ரோட்டுல வச்சா விருந்து?" என்று சம்பந்தியம்மாள் என் காதில் கேட்டார்கள். கேட்டது உங்கள் காதில்தான் விழுந்தது.

"எங்கன போட்டா என்ன சம்பந்தியம்மா, எங்க வீட்டுச் சொதியவிட இது நல்லாருக்கும். ஏன்னா நான் வைக்கல."

நன்றாகத்தான் இருந்தது. மருமகன் நான்கு தரம் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து எல்லாரும் இலையை மடித்தோம். அப்போது நீங்கள் எழுந்து நின்று, பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி, "மாப்ள, கோவிச்சுக்கிடாதிய. இலைய எடுத்துக்கிட்டு எங்கூட வாங்க" என்றீர்கள்.

எட்டு வண்டியிலும் கரண்டிச் சத்தம் நின்றது. புது மாப்பிள்ளையை எச்சில் இலை எடுக்கச் சொல்லும் மாமியாரை இந்தத் தாமிரபரணிக் கரையில் யாரும் பார்த்ததில்லை. கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். நான் பக்கத்திலிருந்து உங்களைக் கிள்ளினேன். சம்பந்தியம்மாள் முகம் சிவந்து, "இது என்ன மரியாதை? எங்க வீட்டுல எம்பிள்ளை இதுவரைக்கும் இலை எடுத்ததில்ல" என்றார்கள்.

"எங்க வீட்டுலயும் ஆரும் எடுத்ததில்ல, சம்பந்தியம்மா. எல்லா இலையும் நாந்தான் எடுத்தேன். மாமனார் இலை, மாமியார் இலை, அவுக இலை, லீவுக்கு வார நாத்தனா இலை. நான் குறை சொல்லல, கை பழகிப்போச்சு. ஆனா எட்டு வண்டிக்கும் நானே எடுக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். ஒரு சொட்டு விஷம் இல்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. லீவுக்கு வருகிற நாத்தனார் நான்தானே. பிறந்த வீட்டுக்கு வந்தால் ராணி மாதிரி உட்கார்ந்து சாப்பிடுவேன், எழுந்து போவேன். அந்த இலை அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அது தானாகக் காணாமல் போகும் என்று நினைத்திருந்தேனோ என்னவோ.

எழுந்தேன். இலையைத் தூக்கினேன். தூக்கத் தெரியவில்லை, மைனி. என் வீட்டில் எப்போதும் தட்டுதான், எச்சில் இலை தூக்குவது அறுபது வயசில் முதல் தரம். மடித்த பக்கம் கீழே போய், சொதி பூராவும் பட்டுச் சேலையில். "ஏட்டி, ரெண்டு கையால பிடி" என்று நீங்கள் கத்தினீர்கள். நான் பிடித்துக்கொண்டு, மதில் முனையில் மாநகராட்சி வைத்திருந்த பச்சைக் குப்பைத் தொட்டியைப் பார்த்து நடந்தேன். பின்னால் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. திரும்பினால் சம்பந்தியம்மாள்.

"ஏன், எங்களுக்கு மட்டும் கை இல்லியா?" என்று தன் இலையை நாலாக மடித்துக் கச்சிதமாக எடுத்து வந்தார்கள். "எங்க தோட்டத்துல தின்ன இலைய வாழைத்தூர்லதான் போடுவோம். இங்கன எங்க போடணும்?"

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தவர்கள், உள்ளே கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையை இரண்டு விரலால் தூக்கி, "இத எவன் போட்டான்?" என்று ரோட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார்கள். நீங்கள் என் பக்கம் திரும்பிக் கண் சிமிட்டினீர்கள். அதற்குள் மருமகன் தன் இலையையும் கோமதி இலையையும் சேர்த்து எடுத்து வந்துவிட்டார். முதலில் கை தட்டியது யார் என்று தெரியவில்லை, வரிசை பூராவும் தட்டியது.

பேச்சியக்கா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இவ்வளவு நடந்தும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. அந்த நேரம் சம்பந்தியம்மாள் கையைக் கழுவிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்து, "எல்லாம் சரி, வெத்தலை கிடையாதா?" என்று கேட்டார்கள். நீங்கள் துள்ளினீர்கள். நிஜமாகவே ஒரு துள்ளல். "பேச்சி, நீ ஆரையும் இலை எடுக்கச் சொல்லாத. தாம்பூலத்துக்குக் கூப்பிடு. கூப்பிடுதது மரியாததானே?"

மறுநாளே வரிசை மாறிவிட்டது. முதலில் பச்சைத் தொட்டி, அடுத்து கை கழுவும் குழாய், அதற்கு அடுத்து ஒரு மேசையில் தாம்பூலத் தட்டு. வண்டிக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒருவர் வீட்டு ஆள் அங்கே நின்று தொட்டி மூடியைத் திறந்துவிடுவார், தாம்பூலம் கொடுப்பார், "நல்லா சாப்பிட்டியளா?" என்று கேட்பார். முன்னால் போகிறவர் கையில் இலை இருந்தால் பின்னால் போகிறவருக்கு வெறுங்கையோடு போக வெட்கம். என்னை மறுபடியும் போர்டு எழுதச் சொன்னீர்கள். "மூணு வார்த்தைக்கு மேல போனா உனக்குச் சோறு கிடையாது" என்றீர்கள். அப்படித்தான் "தாம்பூலம் இந்தப் பக்கம்" எழுதினேன். என் உத்தியோக வாழ்க்கையில் இவ்வளவு சிறிய ஆவணம் தயாரித்ததில்லை.

இரண்டாம் நாள் பூங்கா மதிலில் வெற்றிலைக் காவி. அடுத்த நாளிலிருந்து வெற்றிலைக்குப் பதில் சில்லுக்கருப்பட்டி என்று மாற்றினோம். உடன்குடியிலிருந்து நம் சொந்தக்காரர் அனுப்பி வைத்தார். பேருக்குத் தாம்பூலம், வாய்க்குக் கருப்பட்டி. யாரும் சண்டைக்கு வரவில்லை.

அதிகாரி வந்தார். வாறுகால் ஓரமாகவே முதுகை வளைத்துக்கொண்டு முதல் வண்டியிலிருந்து எட்டாவது வரைக்கும் நடந்தார். பேச்சியக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் அவர் நின்று, விரலை நீட்டி, "இலை கிடக்கே?" என்றார். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள்.

"அது வாதாம் மரத்து இலை சார். அதுல ஆரும் சாப்பிடல."

அவர் சிரித்துவிட்டார். பிறகு உட்கார்ந்து இடியாப்பம் சாப்பிட்டார், இலையைத் தானே கொண்டுபோய்ப் போட்டார், கருப்பட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். பேச்சியக்கா உங்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீங்கள் அவளை உட்கார வைத்து, அவள் இடியாப்பத்தை அவளுக்கே பரிமாறினீர்கள்.

அதற்கு அடுத்த வருஷம், பூங்கா பெஞ்சுக்கு பெயின்ட் அடிக்கிறதை மேற்பார்வை பார்த்துவிட்டு வந்து, மத்தியானம் தலை சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. அழுது முடித்துவிட்டேன், அதைப் பற்றி எழுதப் போவதில்லை. பதினாறாம் நாளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எட்டு வண்டிக்காரர்களும் அன்று வண்டி போடவில்லை. நம் வீட்டு வாசலில் வந்து சமைத்தார்கள். படையல் போட வேண்டும், அம்மைக்கு என்ன பிடிக்கும் என்று கோமதி கேட்டாள். நான் அண்ணனைப் பார்த்தேன், அண்ணன் என்னைப் பார்த்தான். எங்கள் யாருக்கும் தெரியவில்லை, மைனி. எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடுக்களையில் இருந்ததைச் சாப்பிட்டவர் நீங்கள். இருந்ததுதான் பிடித்தது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அடுப்படியிலிருந்து பேச்சியக்கா சொன்னாள்: "அவுகளுக்குச் சொதி பிடிக்காது. சூடா இடியாப்பம், மேல தேங்காப்பூ, சீனி கூடப் போடணும். என் மேசைக்கு வந்தா அதத்தான் கேட்டு வாங்குவாக." அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மேசைகளுக்காக நீங்கள் ஏன் அப்படி மல்லுக்கு நின்றீர்கள் என்று. இந்த ஊரில் உங்களை உட்கார வைத்து, என்ன வேண்டும் என்று கேட்டுப் பரிமாறிய ஒரே இடம் அதுதான்.

பந்தி முடிந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் இலையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அண்ணன் பதறிப்போய், "வைங்க, வைங்க, துக்க வீட்டுல இது என்ன" என்று குறுக்கே விழுந்து பார்த்தான். ஒருவரும் கேட்கவில்லை. நம் வாசலிலிருந்து தெரு முனைத் தொட்டி வரைக்கும் வரிசை. பேச்சியக்கா மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே, ஒவ்வொருவரிடமும் "நல்லா சாப்பிட்டியளா?" என்று கேட்டாள். வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு வாசல் வரைக்கும் வந்தது. அண்ணனும் சிரித்தான்.

படையலில் இருந்ததை ஆளுக்கொரு வாய் பகிர்ந்துகொண்டோம். உங்கள் இலையை நான் எடுத்தேன். இந்தத் தரம் இரண்டு கையாலும் பிடித்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

போன வாரம் உடன்குடியில் நம் சொந்தக்காரரின் புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போனேன். வீட்டோடு சின்னப் பந்தி. சாப்பிட்டுவிட்டு இலையோடு எழுந்தால், அந்த வீட்டு மருமகள் ஓடி வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்காது. "அத்தே, வைங்க அத்தே, நான் எடுக்கேன்" என்று இலையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை.

"நீ சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் முடிச்ச பொறவு சாப்பிடுவேன் அத்தே."

என் இலையைப் போட்டுவிட்டு வந்து, அவள் கையைப் பிடித்து என் இடத்தில் உட்கார வைத்தேன். அவள் மாமியார் முறைத்தார்கள். முறைக்கட்டும், நான் பார்க்காத முறைப்பா. புது இலை போட்டேன். உங்களிடம் முப்பது வருஷத்தில் ஒரு தரம்கூடக் கேட்காததை அவளிடம் கேட்டேன், உனக்கு என்ன பிடிக்கும் என்று. அவளுக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. யோசித்தாள். யாரும் கேட்காத கேள்விக்கு யார்தான் பதில் தயாராக வைத்திருப்பார்கள்?

"அப்பளம், அத்தே" என்றாள் கடைசியில், வெட்கத்தோடு. "நிறைய."

நான் போய் அப்பளக் கூடையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், மைனி.